அரச வீதி வேலைக்குச் சிறிய ஒப்பந்தகாரர் தகுதி பெறுவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைக்கான கைநூல்

ஊருக்குள் வீதி அளக்க நாடா இழுக்கத் தொடங்கியபிறகு பதிவைப் பற்றி யோசித்தால் நேரம் பிந்திவிட்டது. கேள்விப்பத்திரம் (ரெண்டர்) அழைத்து மூடுவதற்கு இரண்டு மூன்று கிழமைதான் இருக்கும். தொழில் பெயர்ப் பதிவு, வரி இலக்கம், சீடா (நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை) தரும் ஒப்பந்தகாரர் தரம் எல்லாவற்றையும் அந்த இடைவெளிக்குள் எடுத்து முடிக்க முடியாது. கடதாசி வேலையை மழைக்காலத்தில் தொடங்குங்கள். மார்கழி, தை மாதங்களில் களத்தில் பெரிதாக வேலை நடக்காது, அலுவலகங்கள் திறந்திருக்கும்.

அமெரிக்காவில் சிறிய ஒப்பந்தகாரருக்கென்று தனிச் சான்றிதழே உண்டு. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த ஏற்பாட்டின்படி, சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கியவர் குறைந்தது 51 வீதம் சொந்தமாக வைத்து, தானே நடத்தும் சிறு நிறுவனம் அந்தச் சான்றிதழைப் பெறலாம். மத்திய அரசின் பணத்தில் நடக்கும் வீதி, விமான நிலைய வேலைகளில் அதற்குப் பெறுமதி உண்டு. வெளிநாட்டு உறவினர் ஒருவர் “உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்குமே” என்று சொல்லி, அதைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். வீதி வேலைக்கு இங்கே அப்படி ஒரு தாளைத் தேடி அலைய வேண்டாம். சிறியவருக்கு இங்கே உள்ள வாசல்கள் மூன்று: ஊர்ச் சங்கத்தின் பெயரில் நேரடி ஒப்பந்தம், சீடாவின் கீழ்மட்டத் தரம், பெரிய ஒப்பந்தகாரரிடம் துணை ஒப்பந்தம். மூன்றாவதை நம்பிக் காலம் கழிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. காரணம் கீழே வரும்.

வீதி யாருடையது

கொழும்பு–மட்டக்களப்பு ஏ4, மட்டக்களப்பு–திருகோணமலை ஏ15 போன்ற ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. சி, டி வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையது. ஊருக்குள் ஓடும் குறுக்கு வீதிகள் பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபையின் கையில். வயல் வீதி என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம், வாய்க்கால் கட்டு என்றால் நீர்ப்பாசனம்.

வீதியின் சொந்தக்காரரும் பணம் தருபவரும் எப்போதும் ஒருவரல்ல என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பிரதேச சபை வீதியைப் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் (மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அரச பணம்) பிரதேச செயலகம் போடலாம். அப்போது ஒப்பந்தம் பிரதேச செயலாளரோடு, மதிப்பீடு செய்வதும் அளப்பதும் அங்குள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தர், சபையிடமிருந்து தேவைப்படுவது சம்மதக் கடிதம் மட்டும். ஒப்பந்தகாரர் பட்டியல் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் வேறு. வெல்லாவெளியில் பதிந்துவிட்டுக் களுவாஞ்சிக்குடியில் கேட்க முடியாது. நாவிதன்வெளியில் பதிந்தது திருக்கோவிலுக்குச் செல்லாது.

பெயரும் அடையாளமும்

தொழில் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் ஆரம்பிக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, தொழில் நடக்கும் இடத்தின் உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் அல்லது வாடகை உடன்படிக்கை ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். இடம் உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் தேவை. தொழிலின் தன்மை என்ற இடத்தில் “கட்டட வேலை” என்று மட்டும் எழுதி வந்துவிடாதீர்கள். வீதி, வடிகால், பாலம், பொருள் வழங்கல் என்று செய்ய நினைப்பதையெல்லாம் எழுதுங்கள். பின்னர் திருத்த இன்னொரு முறை வரிசையில் நிற்க வேண்டி வரும்.

தமிழ்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு ஆளுக்கு ஆள், தாளுக்குத் தாள் மாறும். அடையாள அட்டையில் தம்பிப்பிள்ளை ஒரு விதம், பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு விதம், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும் என்று இருந்தால் ஒவ்வொரு மேசையிலும் சத்தியக்கடதாசி கேட்பார்கள். அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டையே அளவாக வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கு, வரி இலக்கம், தொழில் பெயர், முத்திரை எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து அதன்படி எடுங்கள். தொழில் பெயரில் “அன் சன்ஸ்” என்றிருந்தால் முத்திரையிலும் அப்படியே இருக்க வேண்டும். பெயர் ஒத்துவராத காசோலையை வங்கி திருப்பினால், அதை மாற்றி எடுக்கும் அலைச்சல் முழுவதும் உங்கள் தலையில்தான்.

நடைமுறைக் கணக்கு தொழிலின் பெயரில் இருக்க வேண்டும். வீட்டுச் சேமிப்புக் கணக்கில் கொந்தராத்துப் பணத்தைப் போட்டு எடுப்பவருக்கு நாளைக்குத் தரம் கேட்கும்போது காட்ட எதுவும் இராது. சீடாவுக்கும் வங்கிக்கும் தேவைப்படுவது உங்கள் பணம் எப்படி ஓடியது என்பதற்கான சாட்சி. இருக்கும் மீதி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஓட்டம் தெரிய வேண்டும்.

வரி செலுத்துநர் இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பெறுமதி சேர் வரி 2024 தை முதல் 18 வீதம். அதற்குப் பதியாதவர் தன் விலையில் அந்த வரியைச் சேர்க்கவோ, பில்லில் தனியாகக் காட்டவோ கூடாது. பதிந்தவர் அந்த இலக்கத்தை எழுத மறந்தால் வரிப் பகுதியைக் கேட்டு வாங்க முடியாது. கேள்விப்பத்திரத்தில் “வரி நீங்கலாக” என்றிருக்கிறதா, “உட்பட” என்றிருக்கிறதா என்பதை விலை எழுதும் முன்பே வட்டம் போட்டு வைக்கவும்.

வருடாந்தப் பட்டியல்

பிரதேச சபைகளும் செயலகங்களும் அடுத்த ஆண்டுக்கான வழங்குநர், ஒப்பந்தகாரர் பதிவை வருட இறுதியை ஒட்டி அழைக்கின்றன. விளம்பரம் பத்திரிகையில் வரும், அறிவித்தல் பலகையிலும் தொங்கும். கட்டணம் திரும்பக் கிடைக்காது. ஒவ்வொரு வகைக்கும் தனிக் கட்டணம் என்பதால், காகிதாதிகள் முதல் வாகனத் திருத்தம் வரை எல்லாவற்றுக்கும் பதிந்து காசைக் கரைக்க வேண்டாம். பற்றுச்சீட்டின் பிரதியைக் கோப்பில் வையுங்கள். பட்டியலில் பெயர் விடுபட்டுப்போனால் அந்தப் பற்றுச்சீட்டுத்தான் உங்கள் வாய்.

சீடா தரம்

நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையை எல்லோரும் சீடா என்பார்கள். மூத்த ஆட்கள் இன்னும் பழைய பெயரான இக்டாட் என்றே சொல்வார்கள். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. தரம் சி1 முதல் சி9 வரை. சி1க்கு மேலே சிஎஸ் என்ற பெரிய நிறுவனங்களின் தரமும் உண்டு. சி9 அடி மட்டம். ஒவ்வொரு தரத்துக்கும் எத்தனை ரூபா வரை வேலை எடுக்கலாம் என்ற எல்லை இருக்கிறது. அந்த எல்லைகள் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டவை. யாரோ ஒருவர் போட்டோப் பிரதி எடுத்துவைத்த பழைய அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடாமல், கேள்விப்பத்திர அழைப்பில் எந்தத் தரம் கேட்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

தரத்தைவிடத் துறை முக்கியம். கட்டடம், நெடுஞ்சாலை, பாலம், நீர் வழங்கலும் கழிவுநீரும், நீர்ப்பாசனமும் வடிகாலும் என்று துறைகள் தனித்தனியாகப் பதியப்படுகின்றன. கட்டடத்தில் சி7 வைத்திருப்பவர் நெடுஞ்சாலையில் எதுவும் இல்லாமல் வீதிக் கேள்விக்கு வந்தால் முதல் சுற்றிலேயே நீக்கப்படுவார். இந்தப் பக்கத்தில் வீடமைப்புத் திட்டங்களில் வளர்ந்த மேசன்மார் பலரிடம் கட்டடத் தரம் மட்டும் இருப்பதைக் காணலாம். விண்ணப்பிக்கும்போதே வீதி வேலைச் சான்றுகளை நெடுஞ்சாலைத் துறையின் கீழும், மதகு, வடிகால் வேலைகளை நீர்ப்பாசனத்தின் கீழும் பிரித்துக் காட்டுங்கள்.

விண்ணப்பத்தில் பார்க்கப்படுவது நான்கு விடயங்கள்: நிதி நிலை, ஆட்கள், யந்திரங்கள், செய்து முடித்த வேலைகள். கீழ்த் தரங்களில் ஆட்களும் யந்திரங்களும் பெரிய தடையல்ல. மிக்சர், வைப்ரேற்றர், லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு யந்திரம்) போன்றவற்றின் கொள்வனவுப் பற்றுச்சீட்டையோ பதிவுப் புத்தகத்தையோ காட்டலாம். தடுக்கி விழுவது நான்காவதில். தரம் இல்லாமல் வேலை கிடைக்காது, வேலை இல்லாமல் தரம் உயராது. இந்த முடிச்சை அவிழ்ப்பது சிறிய வேலைகளின் முடிவுச் சான்றிதழ்தான்.

“வேலை திருப்திகரமாக முடிவுற்றது” என்று ஒற்றை வரியில் தரப்படும் கடிதம் மதிப்பீட்டுக்கு உதவாது. வேலை முடிந்த கிழமையிலேயே, தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு எல்லாம் நினைவில் இருக்கும்போதே, கீழ்க்கண்ட விபரங்களுடன் எழுதித்தரக் கேளுங்கள்:

வேலையின் பெயரும் இடமும், ஒப்பந்த இலக்கம், ஒப்பந்தத் தொகை, இறுதியாக அளந்த தொகை இரண்டும், தொடங்கிய திகதி, ஒப்பந்தப்படி முடிய வேண்டிய திகதி, உண்மையில் முடிந்த திகதி, வீதியென்றால் நீளம், அகலம், தடிப்பு, மேற்பரப்பின் வகை, கையொப்பமிடுபவரின் பெயர், பதவி, முத்திரை.

நீட்டிப்பு வாங்கியிருந்தால் அந்தக் கடிதத்தையும் கூடவே கோத்து வையுங்கள். இல்லாவிட்டால் திகதிகளைப் பார்ப்பவர் நீங்கள் பிந்தியதாகவே எடுத்துக்கொள்வார். உத்தியோகத்தர்கள் இடமாற்றத்தில் போவார்கள். இரண்டு வருடம் கழித்துப் புதிதாக வந்தவரிடம் பழைய வேலைக்குச் சான்றிதழ் கேட்டால் கோப்பைத் தேடவே மாதமாகும்.

துணை ஒப்பந்தத்தை நம்ப வேண்டாம் என்று மேலே சொன்னதன் காரணமும் இதுதான். எழுத்து இல்லாமல், பெரியவரின் பெயரில் நீங்கள் போட்ட வீதி உங்கள் அனுபவமாகக் கணக்கில் வராது. எடுப்பதானால் எழுத்தில் உடன்படிக்கை, பணம் உங்கள் தொழில் கணக்குக்கு, முடிவில் அளவுகளுடன் கடிதம் ஆகிய மூன்றையும் கேட்டு எடுங்கள்.

தரத்தை வாடகைக்கு விடுவதும் அப்படியே. “உங்கட சீடாவைத் தாங்க, இத்தனை வீதம் தாறன்” என்று வந்து கேட்பார்கள். சும்மா கிடைக்கும் காசு மாதிரித் தெரியும். ஒப்பந்தத்தில் கையெழுத்து உங்களுடையது. வேலை பிழைத்தால் பிணையை இழப்பது நீங்கள், வரிக் கடிதம் வருவது உங்கள் விலாசத்துக்கு, ஊழியர் சேமலாப நிதி கட்டாததற்குத் தொழில் திணைக்களம் தேடுவதும் உங்களையே. தொழிலாளியின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் யார் கட்டியது என்று அங்கே கேட்கும்போது “நான் பெயர்தான் கொடுத்தேன்” என்று சொல்ல இடமில்லை.

சங்கத்தின் பெயரில் எடுப்பது

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு ஆகியவற்றுக்கு ஊருக்குள் நடக்கும் சிறிய வேலைகளைப் போட்டியின்றி நேரடியாகக் கொடுக்க அரச பெறுகை வழிகாட்டலில் இடமுண்டு. சங்கத்துக்குச் சீடா தரம் தேவையில்லாமல் வேலை கிடைக்கும் வழி இது. நூறு மீற்றர் கொங்கிறீட் வீதி, சின்ன மதகு, கிறவல் பரவல் எல்லாம் இப்படித்தான் நடக்கின்றன.

சங்கம் பதியப்பட்டிருந்தால் மட்டும் போதாது, உயிரோடு இருக்க வேண்டும். செயலகத்தில் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர் முதலில் கேட்பது கடைசி வருடாந்தப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது என்பதை. பதிவுச் சான்றிதழ், அந்தக் கூட்டத்தின் அறிக்கை, புதிய நிர்வாகக் குழுவின் பட்டியல், கணக்கறிக்கை, வங்கிக் கூற்று, வேலையை ஏற்பதான தீர்மானம் ஆகிய ஆறையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். பழைய பொருளாளரின் கையெழுத்தே வங்கியில் இன்னும் இருப்பது அடிக்கடி நடக்கும் குளறுபடி. அவர் கட்டாருக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருக்கும், முதல் காசோலை வந்தபிறகுதான் அது நினைவுக்கு வரும். கூட்டம் முடிந்த அடுத்த நாளே கையொப்ப மாற்றத்தை வங்கியில் கொடுத்துவிடுங்கள்.

தீர்மானத்தைக் கூட்டப் புத்தகத்தில் இப்படி எழுதலாம்: “பிள்ளையார் கோயில் குறுக்கு வீதியை 100 மீற்றர் நீளத்துக்குக் கொங்கிறீட் இடும் வேலையைச் சங்கமே பொறுப்பேற்று அங்கத்தவர்களைக் கொண்டு செய்வதென்றும், ஒப்பந்தத்தில் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் கையொப்பமிடுவதென்றும், கொள்வனவுக்கு மூவர் கொண்ட குழுவும் மேற்பார்வைக்கு மூவர் கொண்ட குழுவும் நியமிப்பதென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர், வருகை தந்தோரின் கையொப்பம் கீழே வர வேண்டும். கொள்வனவுக் குழுவில் இருப்பவரை மேற்பார்வைக் குழுவில் போடக் கூடாது. தான் வாங்கிய மணலைத் தானே சரி பார்ப்பதாகிவிடும்.

வெளியாள் ஒருவர் சங்கத்தின் பெயரில் வேலையை எடுத்து, ஊருக்கு ஒரு சிறு தொகையைக் கொடுத்துவிட்டுப் போவது இந்த வழியைக் கெடுக்கும் நோய். கணக்காய்வுக்குக் கொடுக்கக் கூலி இடாப்பு இருக்காது, அதில் அங்கத்தவர் பெயர் இருக்காது. கேள்வி வருவது சங்கத்தின் தலைவியிடம். எந்த உள்ளூர்க் கொடுப்பனவுக்கும் பெயர், அடையாள அட்டை இலக்கம், நாள், தொகை, கையொப்பம் எழுதி வவுச்சர் போடுங்கள். கடையில் பற்றுச்சீட்டு இல்லாமல் ஆணி கூட வாங்க வேண்டாம்.

மணலில் தனிக் கவனம் தேவை. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி உள்ள இடத்திலிருந்து, கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரத்துடன் வரும் மணலையே எடுக்கவும். அந்தப் பத்திரத்தின் பிரதி உங்கள் கோப்பில் இல்லாவிட்டால் பொலிஸ் மறித்த ரிப்பரோடு உங்கள் வேலையும் நின்றுவிடும்.

50 இலட்சத்துக்கு மேல்

1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க அரச ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி, 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கேள்விக்குப் போகிறவர் அரச ஒப்பந்தப் பதிவாளரிடம் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழ்தான் பி.சி.ஏ. 3. அந்தந்தக் கேள்விக்குத் தனியாக எடுப்பது, கேள்விப்பத்திரத்தோடு மூலத்தையே இணைக்க வேண்டும். போன வருடத்து வேறு வேலைக்கான சான்றிதழின் பிரதியை வைத்துக் கொடுத்து நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு. குறைந்த விலை கேட்டும் இந்த ஒரு தாளால் வேலை போகும்.

விலை எழுதுவது

100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் தடிப்புள்ள கொங்கிறீட் வீதியை எடுத்துக்கொள்வோம். கனவளவு 45 கன மீற்றர். 1:1½:3 (சீமெந்து, மணல், சல்லி) கலவைக்கு ஒரு கன மீற்றருக்கு 50 கிலோ சீமெந்து ஏறக்குறைய 8 பை. அதாவது 360 பை, சேதத்தோடு 370. மணல் கிட்டத்தட்ட 19 கன மீற்றர், ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர் என்பதால் 6.7 கியூப் வரும். ஈர மணல் ஊதித் தெரியும், நிலத்தில் கொஞ்சம் போகும், ஆகவே ஏழரை போடுங்கள். 20 மில்லிமீற்றர் சல்லி 38 கன மீற்றர், 14 கியூப். பொலிதீன் 300 சதுர மீற்றருக்கு மேல், ஓரத்தில் மடிப்பும் பொருத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதியும் வருவதால். ஒரு பை மிக்சர் நாளுக்கு 90 கலவை போட்டால் நான்கு நாள் வேலை.

கேள்விப்பத்திரத்தின் விலைப்பட்டியலில் எழுதியிருக்காத செலவுகளே ஆளை விழுத்தும். பெயர்ப்பலகை, பரிசோதனைக் கட்டிகள், 7 நாள் நீரூற்றும் ஆள், ஓரத்துக்குக் கிறவல் நிரப்பல், காப்புறுதி, பிணைக் கட்டணம் ஆகியவை அவற்றுள் சில. கொங்கிறீட்டில் 4.5 மீற்றருக்கு ஒரு பொருத்து என்று 22 வெட்டு வரும். 40 முதல் 50 மில்லிமீற்றர் ஆழம் வெட்ட வேண்டும். அதைப் பிந்தி வெட்டினால் வீதி தானே தனக்குப் பிடித்த இடத்தில் வெடிக்கும். பிறகு வெடிப்பைப் பூசிக் கொடுப்பதும் உங்கள் செலவு.

கல்லுக்கான தூரம் இன்னொன்று. எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே உள்ள கடலோரப் பக்கம்) கல் மலை கிடையாது. சல்லி உட்புறத்திலிருந்தே வருகிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு படுவான்கரைக்கு (வாவிக்கு மேற்குப் பக்கம்) சுற்றுவழி குறைந்தது உண்மைதான், ஆனாலும் ரிப்பர் போகும் கடைசி இரண்டு கிலோமீற்றர் மண் வழி எப்படி என்று போய்ப் பார்க்காமல் விலை எழுதாதீர்கள். ரிப்பர் புதையும் இடமென்றால் லான்ட்மாஸ்டரில் மாற்றி ஏற்ற வேண்டும், கூலி இரட்டிக்கும்.

அலகு விலையும் மொத்தமும் ஒத்துவராவிட்டால் அலகு விலையை வைத்தே மொத்தத்தைத் திருத்துவார்கள். இலக்கத்துக்கும் எழுத்துக்கும் முரண் வந்தால் எழுத்து நிற்கும். அலகு விலையில் ஒரு பூச்சியம் விடுபட்டால் அந்த விலைக்கே செய்து கொடுக்கும் நிலை வரும், அல்லது பிணையை இழந்து விலகும் நிலை. வெட்டி எழுதிய ஒவ்வொரு இடத்திலும் கையொப்பம் வேண்டும். வெள்ளைத் திரவம் பூச வேண்டாம். வெறுமையாக விட்ட வரிக்குத் தனியாகப் பணம் கிடையாது, மற்ற விலைகளில் அடங்கியதாகவே கொள்ளப்படும்.

நிரப்பிய கேள்விப்பத்திரத்தின் மூலமும் பிரதியும் தனித்தனி உறையில், அரக்கு அல்லது ஒட்டு வைத்து, இரண்டும் ஒரு பெரிய உறைக்குள். இடது மேல் மூலையில் வேலையின் பெயர். 2 மணிக்கு மூடல் என்றால் 2.05க்கு வந்த உறை திறக்கப்படாமலே திரும்பும். திறக்கும் நேரத்தில் நீங்களோ உங்கள் ஆளோ இருந்து எல்லோருடைய விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எழுத அதைவிட நல்ல பாடம் இல்லை.

மொழி பற்றி ஒரு வார்த்தை. கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, செயலகத்துக்கும் சபைக்கும் தமிழில் எழுத முழு உரிமை உண்டு. ஆனால் கேள்விப்பத்திரம் ஆங்கிலத்தில் வழங்கப்பட்டிருந்தால் விலைப்படிவத்தையும் அதே மொழியில் நிரப்புங்கள். ஒரு வசனம் விளங்காவிட்டால் ஊகிக்காமல், விளக்கம் கேட்க வைத்திருக்கும் கடைசித் திகதிக்கு முன் எழுத்தில் கேளுங்கள்.

பிணை

கேள்விப் பிணை, வேலை கிடைத்தால் செயற்பாட்டுப் பிணை (பெரும்பாலும் ஒப்பந்தத் தொகையின் 5 வீதம்), முற்பணம் எடுத்தால் அதற்கொரு பிணை. இந்தப் பக்கத்தில் சிக்கல் காணியில் தொடங்குகிறது. அதிகமானோரிடம் இருப்பது அனுமதிப்பத்திரக் காணி. உறுதிக் காணி போல அதை ஈடாக எடுக்க வங்கிகள் தயங்கும். அப்போது முழுத் தொகையையும் நிலையான வைப்பில் போட்டுப் பிணை எடுக்கச் சொல்வார்கள், கையிலிருக்கும் முதல் அங்கே முடங்கும். நிர்மாண உத்தரவாத நிதியம் இப்படியானவர்களுக்காகவே பிணை வழங்குகிறது. வேலை கிடைத்தபிறகு ஓடாமல், முன்னரே அங்கே உறுப்பினராகப் பதிந்து வைத்தால் நல்லது.

பிணையின் வாசகத்தை வங்கியின் சொந்தப் படிவத்தில் எடுக்காதீர்கள். கேள்விப்பத்திரத்தில் உள்ள மாதிரியைக் கொண்டுபோய் அப்படியே அடிக்கச் சொல்லுங்கள். முடிவுத் திகதி ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்புத்தான்.

மழையும் மார்கழி 31உம்

நிதி வருடம் மார்கழி 31இல் முடிகிறது. வடகீழ்ப் பருவமழை ஐப்பசி பிற்பகுதியில் தொடங்கிவிடும். ஒதுக்கீடு பிந்தி வந்து, ஒப்பந்தம் புரட்டாதியில் கையெழுத்தானால், உங்களுக்கு உண்மையில் இருப்பது ஆறேழு கிழமை. வேலைத்திட்டத்தை அப்படியே எழுதிக் கொடுங்கள். மழை பெய்த ஒவ்வொரு நாளையும் களப் புத்தகத்தில் எழுதி, அன்றைக்கு அல்லது மறுநாள் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கையொப்பம் வாங்குங்கள். நீட்டிப்புக் கடிதத்தை ஒப்பந்தக் காலம் முடியும் முன் கொடுக்க வேண்டும். முடிந்தபின் கொடுத்தால் தாமத நட்டஈடு நாள் கணக்கில் ஏறத் தொடங்கியிருக்கும்.

ஒரு பகுதி வேலை முடிந்தால் அந்தப் பகுதிக்கு இடைக்காலப் பட்டியல் (பில்) போடுங்கள். முழுதும் முடியட்டும் என்று காத்திருந்து மார்கழி கடைசிக் கிழமையில் பட்டியலோடு போனால், கணக்காளர் அந்த வருடத்துக் கொடுப்பனவை மூடியிருப்பார். அடுத்த வருட ஒதுக்கீடு வரும்வரை கடைக்காரர் உங்களிடம்தான் வருவார். பொலிதீன் விரிப்பு, கம்பி, அடித்தளம் போன்ற மூடப்படும் வேலைகளை மூடுவதற்கு முன் அளவிடக் கூப்பிடுங்கள், நாடா தெரியும்படி படம் எடுங்கள். கொங்கிறீட்டுக்குக் கீழே போனதை யாரும் அளக்க மாட்டார்கள்.

பட்டியலில் ஒவ்வொரு முறையும் 10 வீதம் தடுத்துவைப்பார்கள். பொதுவாக மொத்தம் ஒப்பந்தத் தொகையின் 5 வீதத்துக்கு மேல் போகாது. வேலை முடிந்ததும் பாதி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வீதியில் வரும் குறையை நீங்களே திருத்திக் கொடுக்க வேண்டிய காலம்) முடிந்ததும் மீதி. மீதிப் பாதியைக் கேட்க மறந்துபோகும் ஒப்பந்தகாரர் ஏராளம். முடிவுச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே பொறுப்புக் காலம் முடியும் திகதியைக் கலண்டரில் குறியுங்கள். அந்தத் திகதிக்கு இரண்டு கிழமை முன் வீதியை நடந்து பார்த்து, விளிம்பு உடைந்திருந்தால் பூசி, வடிகால் வாயில் நிற்கும் புல்லைச் செதுக்கி, பிறகு பரிசீலனைக்கு வரும்படி கடிதம் கொடுங்கள். கடிதத்தின் பிரதியில் அலுவலகத் திகதி முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாசலைத் தாண்டுங்கள்.